சென்சாரை மாற்றுவதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல கை மாறிய 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றை அண்மையில் வாங்கினேன். காலையில் நன்றாக ஓடுகிறது. நன்கு சூடேறிய பிறகு எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), எரிபொருள் பிரஷர் ஆகிய மூன்று சென்சார்களுக்கும் மானிட்டரில் பிழைக் குறியீடு வருகிறது. இரண்டைப் புதிதாக மாற்றியும் பலனில்லை. மூன்றாவதையும் மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று சென்சார்கள் ஒரே நேரத்தில் பழுதாவது மிக அரிது; குறியீடுகள் இப்படிக் கூட்டமாக வரும்போது, அவற்றுக்குப் பொதுவாக இருப்பது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்டுள்ளவை பெரும்பாலும் மூன்று வயர் சென்சார்களாக இருக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிலிருந்து ஒரு வயரில் 5 வோல்ட் வருகிறது, இன்னொன்று எர்த், மூன்றாவதில், அழுத்தத்துக்கு ஏற்ப ஏறக்குறைய 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சிக்னல் திரும்பிச் செல்கிறது. பல எஞ்சின்களில் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதால், அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, வழியில் எங்காவது அந்த வயர் தோல் உரிந்து எஞ்சின் மீது பட்டாலோ, மொத்த சப்ளையும் இறங்கிவிடும். பழுதில்லாத சென்சார்களும் தவறான அளவைக் காட்டத் தொடங்கும். எந்த அளவை நம்புவது என்று தெரியாத ஈசியூ, எஞ்சினைக் காப்பதற்காக வேகத்தைக் குறைக்கிறது.

குறியீடுகளை அழித்துவிடாதீர்கள். எவை இப்போது நடப்பில் உள்ளன, எவை பழைய பதிவுகள், ஒவ்வொன்றும் எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணியில் பதிவானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் அதன் கடந்த காலத்தைப் பொய்யில்லாமல் சொல்வது பெரும்பாலும் இந்தப் பட்டியல் ஒன்றுதான். கனரக வண்டிகளின் மின்னணுத் தகவல் பரிமாற்றத்துக்கான ஜே1939 முறையைப் பின்பற்றும் எஞ்சின்களில் குறியீடு இரு பகுதிகளாக வரும். எஸ்பிஎன் எண் எந்த அளவு என்பதைச் சொல்லும்: 100 என்றால் ஆயில் பிரஷர், 102 என்றால் பூஸ்ட், 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை. எஃப்எம்ஐ எண் கோளாறு எத்தகையது என்பதைச் சொல்லும்: 3 என்றால் வோல்டேஜ் இயல்புக்கு மேல், 4 என்றால் இயல்புக்குக் கீழ். இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் கவனிப்பதே இல்லை. மூன்று சென்சார்களுக்கும் 4 வந்திருந்தால், 5 வோல்ட் சப்ளையின் மீதான சந்தேகம் மேலும் வலுக்கும்.

சோதனையை, குறியீடு வந்து நிற்கும் அந்தச் சூட்டிலேயே செய்ய வேண்டும். ஆறிய பின் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, ஒரு சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சப்ளை பின்னில் மல்டிமீட்டரை வையுங்கள். 5 வோல்ட்டுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இறங்கியிருந்தால், மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அதே சப்ளையில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. அது நீங்கள் புதிதாகப் போட்டதாகவும் இருக்கலாம், எனவே எதையும் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வோல்டேஜ் ஏறாவிட்டால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது. ஈசியூவைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

மீட்டரின் தடித்த முனையைக் கனெக்டரின் துளைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கவ்வி ஒருமுறை விரிந்துவிட்டால், முன்பு இல்லாத லூஸ் கான்டாக்ட் ஒன்றை நாமே உருவாக்கியவர்களாவோம். வயரின் தோலில் ஊசி குத்துவதும் கூடாது. அந்தத் துளை வழியே ஈரம் இறங்கி, நாளடைவில் செம்பு பச்சை பூத்து அரித்துவிடும்.

வயரிங்கில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள், டர்போவுக்கும் சைலன்சர் குழாய்க்கும் அருகே செல்லும் பகுதியும், கிளாம்ப் பிடித்திருக்கும் இடங்களுமே. மேலுறைக் குழாய் வெளியே முழுதாகத் தெரிந்தாலும், கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் அதிர்விலேயே தேய்ந்து செம்பு வெளியே தெரிவதுண்டு. மீட்டரைப் பார்த்துக்கொண்டே வயர்க்கட்டைப் பிடித்து மெல்ல அசைத்தால், இடம் தானே காட்டிக்கொடுக்கும். முந்தைய உரிமையாளர் டேப் சுற்றிய ஒட்டு எதுவாயினும் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: கூலன்ட் வெப்பநிலை எந்நேரமும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. சென்சாரா, வயரா?

பதில்: இது இரண்டே வயர் கொண்ட சென்சார் என்றால் கண்டுபிடிப்பது எளிது. சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறையும். பல வகைகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். இணைப்பு அறுந்தால் அது கடுங்குளிராகவே ஈசியூவுக்குத் தெரியும். கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கத்துப் பின்கள் இரண்டையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். மானிட்டரில் வெப்பநிலை உச்சத்துக்குத் தாவினால் வயரும் ஈசியூவும் நன்றாக உள்ளன, சென்சாரை மாற்றலாம். மைனஸ் 40 அசையாவிட்டால் வயரைத் தேடுங்கள். மூன்று வயர் சென்சாரில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

குறியீடே வராமல் பொய் சொல்லும் சென்சார்தான் உண்மையில் தொல்லை. இரவு முழுதும் ஆறிய வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலன்ட், உறிஞ்சு காற்று, ஹைட்ராலிக் ஆயில் ஆகியவற்றின் வெப்பநிலைகளை ஒப்பிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி விலகி நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். மரையும் கனெக்டரும் பொருந்துகின்றன என்பதற்காக வேறு எஞ்சினுக்கான சென்சாரை மாட்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். எனவே பாக எண்ணைச் சரிபாருங்கள்.

கேள்வி: ஆயில் பிரஷர் எச்சரிக்கை அவ்வப்போது வருகிறது. சென்சார் கோளாறுதான், ஓட்டலாம் என்கிறார்கள். ஓட்டலாமா?

பதில்: ஓட்டக் கூடாது. சென்சார் இருக்கும் இடத்திலோ, அருகிலுள்ள சோதனைத் துளையிலோ மெக்கானிக்கல் கேஜை மாட்டி, சூடான எஞ்சினில், ஐடிலிலும் முழு வேகத்திலும் அழுத்தத்தை அளந்து, அந்த எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்ட பிறகே சென்சாரைக் குறை சொல்லலாம். எஃப்எம்ஐ 1 என்று வந்தால் சிக்னல் சரியாகவே வருகிறது, அழுத்தம்தான் குறைந்திருக்கிறது என்று ஈசியூ கருதுவதாகப் பொருள். எஞ்சின் நின்றிருக்கும்போதும் மானிட்டர் அழுத்தம் காட்டினால், சென்சாரையோ அதன் சிக்னல் வயரையோ தாராளமாகச் சந்தேகிக்கலாம். எச்சரிக்கை வராமலிருக்க யாரோ ஒரு ரெசிஸ்டரைச் செருகிவைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது மானிட்டரில் எல்லா அளவுகளும் ஒரே நேரத்தில் மறைந்து, பிறகு திரும்பி வருகின்றன. எந்த சென்சார்?

பதில்: எதுவுமில்லை. ஈசியூவுக்கும் மானிட்டருக்கும் இடையே, இரு வயர்கள் வழியே தகவலைக் கொண்டுசெல்லும் கேன் தொடர்பு பெரும்பாலும் விட்டுவிட்டு அறுகிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சோதனை சாக்கெட்டில் கேன் வயர்கள் இரண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள். கேன் வயர்களின் இருமுனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரு வயர்களும் எங்கோ ஒன்றோடொன்று படுகின்றன. அளவு சரியாக இருந்தால், ஈசியூவுக்கும் மானிட்டருக்கும் வரும் பவர் சப்ளையையும், ஃபியூஸையும், எர்த் இணைப்பையும் பாருங்கள்.