இரவானால் எரிச்சல்: டோஸ் அதிகமா, குறைவா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, எடை 46 கிலோ. மனச்சோர்வுக்காக இரண்டு மாதமாகக் காலை 7 மணிக்கு செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிடுகிறான். பகலெல்லாம் நன்றாக இருக்கிறான். இரவில் தலைசுற்றல், எரிச்சல். விடியற்காலையில் இன்னும் மோசம். அதே அளவு சாப்பிடும் என் அண்ணனுக்கு இப்படி இல்லை. பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: உடைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் நேரத்தைப் பார்த்தால், மருந்து அதிகமாகிவிட்டது என்பதைவிட அடுத்த வேளைக்குள் தீர்ந்துபோகிறது என்றே தோன்றுகிறது. எடை குறைந்த பிள்ளைக்கு மருந்தும் குறைவாகப் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மருந்தைச் சிதைப்பது கல்லீரல். இளையவர்களிடம் அது பல மருந்துகளை வேகமாகவே வெளியேற்றிவிடும். பெரியவர்கள் இரத்தத்தில் செர்ட்ராலின் பாதியாகக் குறைய சுமார் 26 மணி நேரமாகும். பதின்வயதினருக்கு, 50 மி.கி. அளவில், சுமார் 15 மணி நேரமே ஆவதாக ஓர் ஆய்வில் தெரிந்தது. அதாவது 24 மணி நேரத்தில் அண்ணனுக்குப் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். மகனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், தொல்லை தொடங்கிய நேரம், சாப்பிட்ட மற்ற மருந்துகள். மருந்து உச்சத்துக்கு வருவது 4 முதல் 8 மணி நேரத்தில். மதியத்தை ஒட்டிப் படபடப்பு, நிலைகொள்ளாமை என்றால் டோஸ் கூடுதலாகவோ ஒத்துக்கொள்ளாமலோ இருக்கலாம். அடுத்த வேளைக்கு முன்புதான் தொல்லை என்றால், மருத்துவர் அதே 50 மி.கி.யை 25, 25 ஆகக் காலை, மாலை பிரிக்கலாம், அல்லது அளவைக் கூட்டலாம்.

வயது மட்டுமே கணக்கல்ல. இம்மருந்தைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான சிஒய்பி2சி19 சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் இது அதிகம். அவர்களுக்கு மருந்து தேங்கும். அசிடிட்டிக்கு நாம் கேட்காமலே வாங்கிப்போடும் ஒமிப்ரசோலும் இதே நொதியைத் தடுக்கும். டெக்ஸ்ட்ரோமெதார்பன் உள்ள இருமல் சிரப்பும் வேண்டாம்.

டோஸ் மாறும் வாரங்களில் தற்கொலைப் பேச்சு, தூக்கமின்மை, திடீர் ஆவேசம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். 24 வயது வரை இந்த எச்சரிக்கை பொருந்தும். உடனடி உதவிக்கு 14416.

கேள்வி: என் மகள் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்சடினை ஒருநாள் மறந்துவிட்டாள். இரண்டாகப் போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம், வழக்கமான வேளைக்கு ஒன்று போதும். தொடர்ந்து சாப்பிடுபவர் உடலில் அது பாதியாகவே 4 முதல் 6 நாள் ஆகும். அதிலிருந்து உருவாகும் நார்ஃப்ளூவாக்சடின் இன்னும் அதிக நாள் தங்கும். ஒருநாள் தவறியதன் பாதிப்பு அவளுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. நிறுத்திய பிறகும் பல வாரம் உடலில் இருக்கும் என்பதால், வேறு மருந்துக்கு மாற்றும்போது மட்டும் இதைச் சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள்.