பிரெஞ்சுப் படை 17 மடங்கு பெருகியதா? உங்கள் வரைபடம் பற்றி

வணக்கம். பிரெஞ்சுப் படை 17 மடங்கு பெருகியதாகக் காட்டும் உங்கள் வரைபடத்தில், 1643 ரொக்ருவா போரில் சுமார் 23,000, 1690களில் 4 லட்சத்துக்கு மேல் என்று ஒரே கோட்டில் போட்டிருக்கிறீர்கள். சிக்கலே அங்குதான். முதல் எண் ஒரு களத்தில் நின்றவர்கள். இரண்டாவது நாடு முழுவதற்குமான ஏட்டுக் கணக்கு.

எண்களை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: ஏட்டில் உள்ளவர், உண்மையில் இருந்தவர், ஒரு போர்க்களத்தில் நின்றவர். 1630களின் பிற்பகுதியில் ஏட்டில் ஏறக்குறைய 2 லட்சம், உண்மையில் 1.25 லட்சம். 1690களில் ஏட்டில் 4.2 லட்சம், உண்மையில் 3.4 லட்சம். ஆக, உண்மையில் இருந்தவர் கணக்கில் வளர்ச்சி மூன்று மடங்குக்கும் குறைவு. அதுவே பெரிய விஷயம்தான்.

ஏடு ஏன் ஊதிப்போகிறது? கேப்டனுக்குப் பணம் தலைக்கணக்கில் வந்தது. அதனால் ஆட்களை எண்ணிப் பார்க்கும் ஆய்வு நாளன்று மட்டும் வேலைக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் வரிசையில் நிறுத்திவிடுவார். நோயும், படையை விட்டு ஓடிப்போவதும் உண்மையான ஆட்களையும் குறைக்கும். பின்னாளில் பதினான்காம் லூயி மன்னரின் போர் அமைச்சர் லூவ்வா ஆய்வைக் கடுமையாக்கியதால் இடைவெளி சுருங்கியது. மேலே உள்ள எண்களிலேயே அது தெரியும்.

ஒரே களத்தில் லட்சக்கணக்கானவர்களை நிறுத்த முடியாததற்குச் சோறு ஒரு முக்கியக் காரணம். ஆளுக்குத் தினம் ஒன்றரை பழைய பிரெஞ்சு பவுண்டு (ஒரு பவுண்டு சுமார் 490 கிராம்) ரொட்டி என்றால், 60,000 பேருக்கு 90,000 பவுண்டு, அதாவது சுமார் 44 டன். குதிரைத் தீவனம் தனி. கூடிய ஆட்களில் கணிசமான பகுதி எல்லைக் கோட்டைகளில் காவலுக்கு முடங்கியது.

1709 மால்ப்லாக்கே போரில் பிரெஞ்சுத் தரப்பில் ஏறத்தாழ 75,000 பேர். ரொக்ருவாவின் 23,000ஐ இதோடு ஒப்பிடுங்கள்; இரண்டுமே களத்தில் நின்றவர்கள்.