தாத்தா நிரப்பிய படிவங்கள் – கடிதமும் பதிலும்

ஐயா வணக்கம்,

எங்கள் தாத்தா இரண்டு கிழமைக்கு முன்னர் 87 வயதில் காலமானார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். சாவு வீட்டுக்கு உதவும் மரணாதார சங்கம், கோயில் கமிட்டி, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமைப் படிவங்களும் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். 31ஆம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம். நான் எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன். நீளம் போதுமா? அரசியல்வாதிகளின் அனுதாபச் செய்திகளை முதலில் போடுவதா, கடைசியிலா? பழைய சங்கச் சண்டைகளை எழுத வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழும்பு)

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவை இழந்த வீட்டின் துக்கத்தில் நானும் இருக்கிறேன். அனுதாபச் செய்திகளைக் கடைசியில் போடுங்கள். சண்டை விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேளுங்கள். அன்று எதிர்ச் சங்கத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் பக்கத்துக் காம்பராவில் இருப்பார்கள், அவர்களும்தான் 31ஆம் நாளுக்குச் சாப்பிட வருவார்கள்.

ஆனால் உங்கள் கட்டுரையை வாசித்து எனக்குக் கோபம் வந்தது, மகள். தன்னலமற்ற சேவையாளர், அன்பான குடும்பத் தலைவர், ஏழைகளின் தோழர். பெயரை மாற்றிவிட்டால் இந்தக் கட்டுரை நாவலப்பிட்டியில் கடை வைத்திருந்த எந்த முதலாளிக்கும் பொருந்தும். தாத்தா படிவம் நிரப்பிக் கொடுத்ததை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதற்கடுத்த பந்தியில் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளுக்கு ஏழு வரி. இது நியாயமா?

அவர் நிரப்பிய படிவங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த நம் தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பிறகு 1974இல் வந்தது, ஆளுக்குப் பாதி என்று. ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே உரிமை என்றொரு விகிதமும் இருந்தது. கொழுந்து நிறுப்பதுபோல ஆட்களை நிறுத்தார்கள்.

எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பெரியப்பா ஒருவர் இருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, அப்படித்தான் கூப்பிடுவோம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 1970 ஏப்ரலோடு விண்ணப்பம் முடிகிறது என்று தெரிந்தபிறகு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போய்த் திரும்பிய ஆட்கள் இராத்திரியில் அவருடைய வாசலுக்கு வருவார்கள். குப்பி லாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எப்போது பிறந்தாய் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. '47 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்பார். அப்பா எந்த ஊர், எந்தக் கங்காணியோடு வந்தார், கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் கொடுத்த துண்டு இருக்கிறதா? துண்டு எங்கே இருக்கும்? கூரை ஒழுகி எப்போதோ கரைந்திருக்கும். ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "நாம எந்தக் கணக்குலப்பா வாறோம்?" பெரியப்பா பேனாவை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

அவர் பட்ட பாட்டில் பாதி பெயர்களோடு. தோட்டத்து ஆபீசில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்ததை இங்கிலீசில் எழுதியிருப்பார். அண்ணனுடைய பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தம்பியுடையதில் வேறு மாதிரி. ஒரே அப்பன் என்று நிரூபிக்க சத்தியக் கடதாசி, சாட்சி, முத்திரை. அது சரிவராமல் ஒருவன் இலங்கைக் கணக்கிலும் மற்றவன் இந்தியக் கணக்கிலும் விழுந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, அவன் போனான். பிறகு ஒரு கடிதம்கூட இல்லை.

2023இல் நாம் வந்த 200 வருசத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நல்ல காரியம், எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். வந்த பாதையை இவ்வளவு நேசத்தோடு நடக்கிறோம், அதே தலைமன்னாரால் திரும்பிப் போனவர்களைப் பற்றி எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம்? போனவர்களும் இருந்தவர்களும் எப்படிப் பிரிந்தார்கள் என்பது பெரிய மனிதர்களின் அறிக்கைகளில் இருக்காது. உங்கள் தாத்தா மாதிரி ஆட்களின் தகரப் பெட்டியில்தான் இருக்கும். அதனால்தான் உங்கள் கடிதம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்பாயியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தைத் தூக்கிக்கொண்டு தாத்தா கண்டிக்கும் கொழும்புக்கும் போன நாளெல்லாம் அவருக்குப் பேர் விழுந்திருக்காது, சம்பளம் இல்லை. அன்றைக்கு அடுப்பு எரிந்தது அப்பாயி பறித்த கொழுந்தில். அதிலும் 1984 வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். குடும்பத் தலைவர் என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கட்டுரையை முதலிலிருந்து எழுதுங்கள். யாருக்கு எந்தப் படிவம், எது கிடைத்தது, எது திரும்பி வந்தது, யார் கப்பலேறினார்கள்? பத்துக் குடும்பம் கிடைத்தால் போதும். லயம் லயமாகப் போய்க் கேளுங்கள். கொழும்பிலிருந்து போனில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் சொல்வார்கள். எண்பதைத் தாண்டிய பெண்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள், ஆண்கள் சங்கக் கதைக்குத் தாவிவிடுவார்கள். போட்டோ நான்கு குறைந்தாலும் பரவாயில்லை.

மரணாதார சங்கத்தின் பழைய சந்தாக் கொப்பி இப்போது பொருளாளர் வீட்டில் இருக்கக்கூடும். அதில் பாதியில் நின்றுபோன பெயர்கள் இருந்தால், அவர்கள் செத்தார்களா, இந்தியாவுக்குப் போனார்களா என்று விசாரியுங்கள். 31ஆம் நாளுக்கு வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள், பழைய கடதாசியெல்லாம் அடுப்புக்குப் போகும். இந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய்த் தாத்தாவின் பெட்டியை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.