அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24, கொருக்குப்பேட்டை. கன்டெய்னர் யார்டில் காண்ட்ராக்ட் வேலை. ஆன்லைனில் ‘80 சிசி’ டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கிட் வாங்கி சைக்கிளில் மாட்டியிருந்தேன். வேகம் போதவில்லை என்று ஒரு மெக்கானிக்கிடம் 18,000 ரூபாய் கொடுத்தேன். போர்ட் ஒர்க் செய்தார் (சிலிண்டரில் காற்றும் புகையும் போகும் வழிகளைக் குடைந்து பெரிதாக்குவது), சிலிண்டர் ஹெட்டைச் சீவினார், ரேஸ் சைலன்ஸரும் பெரிய கார்ப்பரேட்டரும் மாட்டினார், பின் ஸ்ப்ராக்கெட்டை 44 பல்லிலிருந்து 36 பல்லுக்கு மாற்றினார். ஒன்பதாவது நாள் டி.எச். ரோட்டில் இன்ஜின் சீஸ் ஆகி, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது. ஓரமாக நடந்துபோன மீன்கார அம்மா ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டு வண்டியை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். சைலன்ஸர் மாற்றியவர், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றாமல் விட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கேட்டால் அடிக்க வருகிறார். அவர்மேல் நுகர்வோர் வழக்குப் போட நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன். வண்டியை எப்படி வெளியே எடுப்பது? சைக்கிள்தானே, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் தேவையில்லைதானே?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் மெக்கானிக். அந்த அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி. தம்பி, உங்கள் வழக்கு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மீதி மூன்றரைப் பக்கமும் உங்களுக்கு எதிரான சாட்சியம்.

மெக்கானிக் பேசிய பேச்சு, வாங்கிய பணத்துக்கு ரசீது தராதது, பில்லில்லாத சைலன்ஸர், இதையெல்லாம் இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். ஜெட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். சைலன்ஸரையும் போர்ட்டையும் மாற்றிவிட்டு ஜெட்டைப் பழையபடி விட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் வருவதே பெட்ரோலோடு கலந்துதான், அதனால் அதுவும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் சொல்வது எவ்வளவுக்கு எவ்வளவு சரியோ, அவ்வளவுக்கு உங்களுக்கு ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ‘சைக்கிள்தானே’ என்ற வாதம். வடசென்னையில் இதற்கு வயது அதிகம். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மாட்டிக்கொண்டு, “பெடல் இருக்கு பாருங்க சார், இது மிதிவண்டிதான்” என்று சொல்லிப் பார்க்காதவர் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28) பெடலைப் பற்றிப் பேசவே இல்லை. நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் இன்ஜின் 25 சிசிக்கு மேற்படாமல் இருந்தால் அது மோட்டார் வாகனம் இல்லை. மேற்பட்டால் மோட்டார் வாகனம். அவ்வளவுதான். 50 சிசி வரை எதுவும் வேண்டாம் என்று கிட் விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு சலுகை கிடையாது. 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்பதற்குத்தான் 50 சிசி கணக்கு. மின்சார சைக்கிளுக்கு இருக்கும் 250 வாட் விதியும் பெட்ரோல் இன்ஜினுக்கு வராது.

‘80 சிசி’ கிட் என்பதும் பெரும்பாலும் பெயருக்குத்தான். வழக்கமாக வரும் கிட்டில் சிலிண்டரின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38. கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் 66 சிசிதான் வருகிறது. 66 ஆனாலும் 80 ஆனாலும் 25-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் மாமா சொல்கிற மாதிரி ‘24 சிசி என்று சொல்லிவிடலாம்’ என்பதெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டர் சிலிண்டரை அளக்கும் வரைதான்.

ஆக, நீங்கள் ஓட்டியது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். பதிவு செய்திருக்கவும் முடியாது, இன்சூரன்ஸ் எடுத்திருக்கவும் முடியாது. உங்களிடம் டூ வீலர் லைசென்ஸ் இருக்கிறது என்பது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி. பதிவில்லாததற்கும் இன்சூரன்ஸ் இல்லாததற்கும் வரும் அபராதம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கெடுத்துக்கொள்ள வேண்டியது வேறு இருக்கிறது.

இன்சூரன்ஸ் இருந்தால் அந்த அம்மாவுக்குக் கம்பெனி கொடுக்கும். இல்லையென்றால் நீங்கள் கொடுக்க வேண்டும், உங்கள் கையிலிருந்து. அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 164 என்று ஒன்று இருக்கிறது. கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம், மரணம் என்றால் ஐந்து லட்சம். யார் தப்பு என்று அவர் நிரூபிக்கவே வேண்டாம். காயம் பட்டது, உங்கள் வண்டியால் பட்டது, போதும். எலும்பு முறிவு என்பது சட்டப்படி கொடுங்காயம். ‘என் தப்பில்லை, ஜெட் தப்பு’ என்று நீங்கள் அங்கே எழுந்து சொன்னால் நீதிபதி தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

அதற்கு மேல் வேண்டும் என்றால் அந்த அம்மா பிரிவு 166-இல் மனுப்போடலாம். அதில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஊனத்தின் சதவீதம், வருமான இழப்பு, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு என்று கணக்கு ஏறும். ‘மீன் விற்பவருக்கு என்ன வருமானச் சான்று’ என்று நினைக்காதீர்கள். சான்று இல்லாவிட்டால் இந்த மனுக்களை விசாரிக்கும் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயமே ஒரு வருமானத்தை அனுமானித்துக்கொள்ளும். நம் ஊரில் மனுப்போட்ட நாளிலிருந்து பெரும்பாலும் 7.5 சதவீத வட்டியும் சேரும்.

இந்த 166-இல் இன்ஜின் திடீரென்று பழுதானது என்ற தற்காப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது வண்டியை ஒழுங்காகப் பராமரித்தவனுக்கு, அவனுக்கே தெரியாத பழுது வந்தால் மட்டும்தான். இப்போது உங்கள் நோட்டீஸுக்கு வாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ‘வேகத்தைக் கூட்டுவதற்காக’ பணம் கொடுத்தேன். இன்னின்ன ஐந்து மாற்றங்கள் செய்தார். மூன்றாவது நாளே இன்ஜின் சூடேறிச் சத்தம் மாறியதைக் கவனித்து அவரிடம் சொன்னேன். இந்தக் கடைசி வரி ஒன்று போதும். இன்ஜின் சரியில்லை என்று தெரிந்த பிறகும் ஆறு நாள் ஜன நடமாட்டமுள்ள சாலையில் ஓட்டினீர்கள் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். அந்த அம்மாவின் வக்கீல் கஷ்டப்பட்டு நிரூபிக்க வேண்டியதை நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறீர்கள்.

ஐந்து மாற்றம் என்று எண்ணிக்கை கொடுத்தது இன்னொரு புண்ணியம். பிரிவு 182ஏ(4)-இன்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் பட்டியலை வைத்து 25,000 என்று யாராவது கணக்குப் போட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பதிவே இல்லாத வண்டிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று வாதாடலாம், வாதாடுவேன். அதற்கும் ஃபீஸ் உண்டு.

நான் இதைக் கற்பனையில் சொல்லவில்லை. திருவொற்றியூர்ப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர், வேறு வண்டி, இதே கதை. பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குக்கு போர்ட் ஒர்க் செய்து, விபத்தாகி, மெக்கானிக்கைச் சும்மா விடக்கூடாது என்று நுகர்வோர் புகார் கொடுத்துவிட்டார். என்னிடம் வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் புகாரின் சான்றிட்ட நகலை வாங்கி வந்து தீர்ப்பாயத்தில் சான்றாவணமாகக் குறியீடு செய்தார். குறுக்கு விசாரணை பத்து நிமிடம்கூட இல்லை. “இது உங்கள் கையெழுத்துதானே?” “ஆமாம்.” முடிந்தது. மெக்கானிக்கிடமிருந்து அவருக்கு இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

வண்டியை வெளியே எடுப்பதும் அப்படித்தான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப்போட ‘நானே உரிமையாளர்’ என்று சத்தியம் செய்து அபிடவிட் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத விபத்து வண்டியைப் பிணையத்தொகை கட்டாமல் விடவும் மாட்டார்கள். சீஸ் ஆன இன்ஜினோடு அந்தச் சைக்கிளின் விலை என்ன? என் ஃபீஸைவிடக் குறைவு. அது அங்கேயே துருப்பிடிக்கட்டும்.

இன்னொரு குழி. குற்ற வழக்கு ஒரு நாள் எழும்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ அழைக்கப்படும். “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ, அலைச்சல் மிச்சம்” என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். கோர்ட் வராந்தாவில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைகளில் இதுதான் விலை அதிகம். குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த உத்தரவையே 166 மனுவில் கவனக்குறைவுக்குச் சாட்சியமாகக் காட்டுவார்கள். வக்கீல் இல்லாமல் அன்று வாயைத் திறக்காதீர்கள்.

உங்கள் அம்மா பெயருக்கு வீட்டுப் பங்கை மாற்றி எழுதலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று அதைச் செல்லாததாக்க வழி இருக்கிறது. தீர்ப்பாயத் தொகையை நிலவரி பாக்கி மாதிரி கலெக்டர் மூலம் வசூலிக்கவும் சட்டம் இருக்கிறது. அப்புறம் இன்ஸ்டாகிராமில் போட்ட அந்த ‘65 தொட்டாச்சு’ வீடியோ. புதிதாக எதுவும் போடாதீர்கள். அதற்காகப் பழையதையோ மெக்கானிக்கோடு பேசிய வாட்ஸ்அப்பையோ அழிக்கவும் வேண்டாம். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

சரி, என்ன செய்யலாம்? சமரசம். வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த மீன்கார அம்மாவுக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் பிளேட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவச் செலவு பெரிதாக இருக்காது, ஆனால் பல மாதம் கூடை தூக்க முடியாது. இரண்டரை லட்சத்துக்குக் கீழே, தவணையில் முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு சம்மதியுங்கள். நகையை வைத்தாவது முதல் தவணையைக் கொடுங்கள்.

ஆனால் கொடுக்கும் விதத்தில் கவனம். ஏரியா பெரியவர் ஒருவர் முன்னிலையில் கையில் ரொக்கமாகக் கொடுத்து, முத்திரைத்தாளில் ‘இனி எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அந்தத் தாள் தீர்ப்பாயத்தின் வாசலில் நிற்காது. 40,000 கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து சம்மன் வந்து, வாங்கியவர் அந்தப் பணத்தையே வாங்கவில்லை என்று மறுத்ததால் முழுத்தொகையையும் மறுபடி கட்டியவரை எனக்குத் தெரியும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முன்பான சமரசமாகப் பதிவு செய்து லோக் அதாலத் தீர்ப்பாக வாங்குங்கள். அதற்கு மேல்முறையீடு கிடையாது. பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். குற்ற வழக்கு இதனால் தானாக மறைந்துவிடாது. தாறுமாறாக ஓட்டிய குற்றம், பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 281, இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் பட்டியலில் இல்லை. ஆனால் நஷ்டஈடு கொடுத்துவிட்ட ஆளை மாஜிஸ்திரேட் பார்க்கும் பார்வை வேறு.

மெக்கானிக்? நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகும் உங்களுக்குக் கோபம் மிச்சமிருந்தால் வாருங்கள், பேசலாம். சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குக் கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கித் தரும்படி எந்த மன்றத்தையும் கேட்பது கஷ்டம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போய் நலம் விசாரியுங்கள். தொகை எதுவும் பேச வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஜெட், போர்ட், மெக்கானிக் என்ற மூன்று வார்த்தைகளும் அந்த வீட்டில் உங்கள் வாயில் வரக்கூடாது.