வாசகர் கேள்வி – பதில்: வசந்தத்தில் ஒரு நாள் நடை

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை ஏப்ரலில் ஒரு நாள் இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள செவன் சிஸ்டர்ஸ் வெண்குன்றுகளுக்கு அழைத்துப்போக எண்ணுகிறோம். சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை நடந்துவிடலாம் என்கிறார் கணவர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இது சரிப்படுமா? (ஹாரோ வாசகி)

பதில்: சரிப்படாது. அந்தப் பாதை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதன் நடுப்பகுதி முழுவதும் குன்றுக்குக் குன்று ஏறி இறங்குவதாகவே இருப்பதாலும், ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதாலும், அம்மாவை அதில் இழுத்துச் செல்ல வேண்டாம். கணவர் ஜூன் மாதத்தில், பொழுது நீண்டிருக்கும்போது, தம் நண்பர்களோடு அதை நடந்து முடிக்கட்டும்.

ஏப்ரலில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நடப்பதே நல்லது. பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12ஆம் எண் பேருந்தில் ஏறி எக்சீட் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கக்மியர் ஆற்றின் வளைவுகளை ஒட்டிக் கடற்கரை வரை செல்லும் சுமார் 2 கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமதளம். பெற்றோர் அதில் நிதானமாகப் போய்த் திரும்பலாம். இளையவர்கள் அதே இடத்திலிருந்து குன்றுகளின் மேலேறி கடலோரத்திலுள்ள பர்லிங் கேப் வரை நடந்து, அங்கே பேருந்து இல்லாத நாளாயின் ஈஸ்ட் டீன் கிராமம் வரை உள்ளே சென்று, அங்கே மீண்டும் 12ஆம் எண்ணைப் பிடிக்கலாம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நாள்காட்டிகளில் காணும் அந்தப் புகழ்பெற்ற காட்சி ஆற்றின் மேற்குப் பக்கமான சீஃபோர்ட் ஹெட்டிலிருந்து எடுக்கப்படுவது. குன்றுகளின் மேல் நடப்பவருக்கு அந்த வெண்மை காலடிக்குக் கீழே இருப்பதால் பெரும்பாலும் புல்வெளிதான் தெரியும். ஆற்று முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது என்று நீரில் இறங்காமல், எக்சீட் பாலத்துக்குத் திரும்பி வந்துதான் மறுகரைக்குச் செல்ல வேண்டும்.

விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது உறுதியான புல்தரையாகத் தோன்றும் இடத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை ஏற்கெனவே உதிர்ந்துபோய், மேல்விளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கக்கூடும். இந்தக் கரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதற்கு, பர்லிங் கேப்புக்குக் கிழக்கேயுள்ள பெல் டூட் பழைய கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே பெயர்த்து 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள் என்பதே சான்று. படம் எடுப்பதற்காக எவரும் விளிம்புக்குப் போக வேண்டாம். குன்றின் அடிவாரக் கடற்கரையில் நடப்பதும் ஆபத்தே: மேலிருந்து பாறை விழும், கடல் ஏறும்போது திரும்பும் வழியும் அடைபடும். யாரேனும் சிக்கிக்கொண்டால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் பிரிவைக் கேளுங்கள்.

லண்டனில் வெயில் அடிக்கிறது என்று மெல்லிய மேலாடையோடு புறப்படாதீர்கள். குன்றின் மேல் ஏப்ரல் காற்று ஊசியாய்க் குத்தும். மழை பெய்த மறுநாள் சுண்ணாம்புச் சேறு வழுக்கும் என்பதால், அடிப்பகுதியில் ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ள காலணி கட்டாயம் வேண்டும். சேலைக்கு அந்தக் காற்று ஒத்துவராது. அம்மாவுக்குச் சல்வாரே வசதி.

கேள்வி: பிள்ளைகளுக்குப் புளூபெல் மலர்க் காட்டைக் காட்ட வேண்டும். இல்ஃபோர்டுக்கு அருகில் எங்கே, எப்போது செல்லலாம்? ஒரு கிழங்கைத் தோண்டி வந்து வீட்டில் நடலாமா? (இல்ஃபோர்ட் வாசகர்)

பதில்: வான்ஸ்டெட் பூங்காவுக்குள் இருக்கும் சாலே வுட் என்னும் காட்டுக்குச் செல்லுங்கள். வழக்கமாக ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் உகந்தவை. குளிர் நீண்ட ஆண்டில் சற்றுத் தள்ளிப்போகும். மேலே மரங்கள் முழுதாகத் தழைத்து நிழல் மூடுவதற்குள், தரைக்கு வந்துசேரும் வெளிச்சத்தைக் கொண்டு இந்தச் செடி ஓராண்டுக்கான உணவைச் சேமித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு காலடியில் நசுங்கும் இலை அந்த ஆண்டின் வருமானத்தையே இழந்துவிடுகிறது. அங்கே பாதையின் இருபுறமும் மரக்கட்டைகளைக் கிடத்தி எல்லை வகுத்திருப்பது அதற்காகத்தான். பிள்ளைகளைப் பூக்களின் நடுவே உட்காரவைத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். கட்டைக்கு இப்பால் குந்தி, கேமராவைத் தாழப் பிடித்தாலே நீலம் நிறைந்துவிடும்.

கிழங்கைத் தோண்டக் கூடாது. நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுப் புளூபெல்லை வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றமாகும். வீட்டுத் தோட்டங்களில் நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் ஸ்பானிய இனம் அல்லது கலப்பினம். காட்டினம் ஒரு பக்கமாகத் தலைசாய்ந்து, நறுமணத்தோடு, பாலேடு நிறத்து மகரந்தத்தோடு இருக்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காட்டு நடைக்குப் பின் மகனின் காலில் உண்ணி ஒட்டியிருந்தது. என்ன செய்ய வேண்டும்? (குரோய்டன் வாசகி)

பதில்: நெருப்பு, எண்ணெய், வாசலீன் எதுவும் வேண்டாம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், மெதுவாக மேல்நோக்கி இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கிருமிநாசினியாலோ சோப்பு நீராலோ கழுவுங்கள். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயைக் காட்டும் வட்டமான தடிப்பு பொதுவாக 1 முதல் 4 வாரங்களுக்குள் தோன்றும்; மூன்று மாதம் வரை தாமதிப்பதும் உண்டு. நம் நிறத் தோலில் அது பளிச்சென்று சிவப்பாகத் தெரியாமல் போகலாம் என்பதால், கடித்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் அவ்வப்போது பாருங்கள். தடிப்பு பரவினாலோ காய்ச்சல், உடல்வலி, மிகுந்த சோர்வு வந்தாலோ குடும்ப மருத்துவரிடம் சென்று, எந்தக் காட்டில், எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.