ஏழு முறை கழுவச் சொன்னது ஏன்? கற்றாழை, பட்டை: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சோற்றுக்கற்றாழையையும் பட்டையையும் பற்றியவை. இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான்: பெயர் ஒன்று, சரக்கு இரண்டு. எந்தச் சரக்கு வயிற்றுக்குள் போகிறது என்று பார்க்காமலேயே பலரும் தொடங்கிவிடுகிறார்கள்.

ஒரு மாதமாக வெறும் வயிற்றில் கற்றாழைச் சாறு குடிக்கிறேன். தோலோடு அரைத்தால் சத்து வீணாகாது என்றார்கள். நான்கு நாளாக வயிற்றுப்போக்கு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. இதயத்துக்காக நீர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். கழிவுதான் வெளியேறுகிறது என்கிறாள் தங்கை. உண்மையா? (வாசகி, 56, திண்டுக்கல்)

வெளியேறுவது கழிவு அல்ல, உங்கள் உடம்பின் நீரும் பொட்டாசியமும். சாற்றை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கற்றாழை மடலை ஒடித்தால் பச்சைத் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கசப்புப் பால் வடியும். அதிலுள்ள அலோயின் பெருங்குடலை முடுக்கிப் பேதியாக்கும். அந்தப் பாலை இறுக்கிக் கட்டியாக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம், அதாவது மூசாம்பரம். தோலோடு அரைத்ததால் நாள்தோறும் அதையும் சேர்த்தே குடித்திருக்கிறீர்கள். நீர் மாத்திரைகளில் பல, பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறக்குபவை. பேதி இன்னொரு வழியாக இறக்குகிறது. பொட்டாசியம் குறைந்தால் தசை பிடிக்கும், இதயத் துடிப்பும் தடம் மாறும். டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் பொட்டாசிய அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கற்றாழைப் பாலைப் பேதி மருந்தாகக் கடைகளில் நேரடியாக விற்பதை அமெரிக்கா 2002இல் நிறுத்தியது. முழு இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது பெருங்குடலில் கட்டிகள் வந்ததால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வரிசையில் வைத்திருக்கிறது. பால் நீக்கிய சோற்றுக்கு, அதாவது மடலின் உள்ளே இருக்கும் வழவழப்பான சதைக்கு, இந்தப் பழி இல்லை.

‘கற்றாழையை ஏழு தண்ணீர் கழுவு’ என்று நம் பாட்டிமார் சொன்னது இந்தப் பாலைப் போக்கத்தான். மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே பார்க்கச் சாய்த்து வைத்துப் பால் வடியவிடுங்கள். தோலைத் தடிமனாகச் சீவிவிட்டுச் சோற்றை மட்டும் எடுத்துக் கழுவுங்கள். ஏழு என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை. நாக்கில் கசந்தால் எட்டாவது முறையும் கழுவ வேண்டியதுதான். வெயில் காலத்தில் என்றோ ஒரு நாள் மோரில் இரண்டு துண்டு போடலாம். தினசரி விரதம்போல் குடிக்க வேண்டிய பொருள் இல்லை என்பது என் கருத்து. உங்களுக்கோ, அந்த இரண்டு துண்டுகூட மருத்துவரிடம் கேட்ட பிறகுதான்.

தினமும் காலையில் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். சர்க்கரை குறைந்தால் மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா? (வாசகர், 61, ஆம்பூர்)

கூடாது. பட்டைக்குக் கிடைத்த பெயர் பெரும்பாலும் 2003இல் பாகிஸ்தானில் 60 நீரிழிவு நோயாளிகளிடம் 40 நாள் நடந்த ஆய்வால் வந்தது. அதில் சர்க்கரை குறைந்தது உண்மை. அதன் பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளை, மொத்தம் 577 பேரை, சேர்த்துப் பார்த்துவிட்டு ‘பரிந்துரைக்கச் சான்று போதாது’ என்று முடித்தது.

உங்கள் ஸ்பூனில் இருப்பது எந்தப் பட்டை என்பதுதான் என் கவலை. ஆம்பூர்க்காரருக்குப் பிரியாணிப் பட்டையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கெட்டியாக, ஒரே அடுக்காகச் சுருண்டு, கையால் ஒடிக்க முடியாமல் இருக்கிறதே, அது பெரும்பாலும் கேசியா என்ற வேறு வகைப் பட்டை. இலங்கையில் கறுவா என்று சொல்லப்படும் அசல் பட்டை இளம்பழுப்பாக இருக்கும். காகிதம்போன்ற மெல்லிய அடுக்குகள் சுருட்டுப்போல் சுற்றியிருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

கேசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்துள்ள தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஏறத்தாழ 2 கிராம் கேசியாப் பொடியிலேயே அது வந்துவிடும். ஒரு டீஸ்பூன் அதற்கும் மேலே போகும். அசல் பட்டையில் கூமரின் மிக மிகக் குறைவு. பிரியாணியில் போடும் துண்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். நான் சொல்வது மாதக்கணக்கில் தினமும் விழுங்கும் ஸ்பூனைப் பற்றி. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தப் பழக்கத்தைத் தொடவே வேண்டாம்.

குக்கர் ஆவி பட்டுக் கை சிவந்துவிட்டது. கற்றாழை தடவலாமா?

முதலில் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பிறகு பால் நீக்கிய சோற்றை மெல்லப் பூசலாம். பற்பசை, பனிக்கட்டி, இட்லி மாவு வேண்டாம். கொப்புளம் உடைந்திருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ, காயம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் மூன்று மாதக் கர்ப்பம். ஒன்றரை வயது மகனுக்குப் பால் மறக்கடிக்க மார்பில் கரியபோளம் தடவச் சொல்கிறார் மாமியார். என் மலச்சிக்கலுக்கும் அதையே சாப்பிடலாம் என்கிறார். (வாசகி, 27, விருத்தாசலம்)

இரண்டுமே வேண்டாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: மாதவிலக்கைத் தூண்டக் கரியபோளம் கொடுப்பது நாட்டு வைத்தியத்திலேயே உண்டு. அப்படிப்பட்டதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், புரிந்துகொள்வார். குழந்தைக்கோ, நக்கிய கசப்பு வயிற்றுக்குள்தானே போகும்? பேதியானால் யார் பார்ப்பது? வேளைக்கு ஒன்றாகப் பாலூட்டுவதைக் குறையுங்கள். இரவுப் பாலைக் கடைசியில் நிறுத்தலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யா. அதிலும் தீராவிட்டால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

பல்வலிக்கு லவங்க எண்ணெய் நல்லது என்றார்கள். இணையத்தில் வாங்கித் தடவியதில் ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது.

புட்டியை எடுத்துப் பாருங்கள். லவங்கம் என்றால் கிராம்பு. உங்களிடம் இருப்பது லவங்கப்பட்டை எண்ணெயாக இருக்க வேண்டும். அதிலுள்ள சின்னமால்டிஹைடு தோலையும் ஈறையும் சுட்டுவிடும். வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிராம்பு எண்ணெயையும் நேரடியாக ஊற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. தேனில் பட்டைப் பொடி குழைத்து நாக்கில் தடவலாமா?

கூடாது. ஒரு வயது நிறையும் முன் தேனே ஆகாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். உலர்ந்த பொடி மூச்சுக்குழாயில் ஏறினால் நுரையீரலையும் புண்ணாக்கும்.

பட்டைப் பொடியைப் பொட்டலமாக வாங்கலாமா?

முழுப் பட்டையாக வாங்கி வீட்டிலேயே அரையுங்கள். 2023இல் அமெரிக்காவில் விற்ற குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் ஈயம் இருந்தது. தேடிப் போனபோது, அதில் கலந்த பட்டைப் பொடியில் வந்து நின்றது.