கிழவரைத் தாண்டியவருக்கு

அன்புள்ள சார்,
ஸ்டீக் லார்சனின் 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' நாவலை இரண்டே இரவில் முடித்தேன். அண்ணன் பேத்தி ஹாரியட் காணாமல் போனதைப் பற்றிய கிழவரின் புலம்பல் இழுவையாக இருந்ததால் தாண்டிவிட்டேன். அவள் 1966-ல் ஒரு தீவிலிருந்து எப்படி மறைந்தாள் என்று போலீஸ் கண்டுபிடிக்காததை 36 வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக்காரன் கண்டுபிடிப்பது நம்பும்படியா இருக்கிறது? தமிழில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தமிழில் ஏன் வரவில்லை என்பதற்கு நாலு முறை பதில் எழுதி நாலு முறையும் வசை வாங்கியிருக்கிறேன், விடுங்கள். போலீஸ் விஷயம் எளிது. அன்றைக்குப் பாலத்தில் டேங்கர் லாரியும் காரும் மோதி வழி அடைபட்டது, எல்லோரும் தீவுக்குள்ளேயே தேடினார்கள். இவனோ உள்ளூர்ப் பத்திரிகையில் கிடந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அன்றைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊரில் ஊர்வலம் பார்க்க நின்ற ஹாரியட்டின் முகம் ஒரு படத்தில் சட்டென்று மாறுகிறது. யாரைப் பார்த்து மிரண்டாள் என்று தேடிப் போகிறான். நிதானம் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

அதுதான் உங்களிடம் இல்லையே. கிழவரைத் தாண்டினேன் என்கிறீர்கள், நாவலையே தாண்டிவிட்டீர்கள் ஐயா! 82 வயது மனிதருக்குப் பிறந்தநாள்தோறும் தபாலில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காய்ந்த பூ வருகிறது, அனுப்பியவர் பெயர் கிடையாது. உடனே ஹாரியட் வழக்கை விசாரித்து ஓய்வுபெற்ற போலீஸ்காரருக்கு போன் போடுகிறார். என்ன பூ, எந்த ஊர் முத்திரை என்று இரண்டு கிழவர்களும் வருஷாவருஷம் அதே நாலு வரியைப் பேசுகிறார்கள். இதுவா புலம்பல்?

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருந்தார். உறவு ஒன்றுமில்லை, தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. மூக்குப்பொடி வாங்கி வருகிறேன் என்று நடந்தே போன அவர் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. சைக்கிள் திண்ணையோரம் நின்றது. மாதம் ஒருமுறை என்னிடம் நாலணா கொடுத்து அதற்குக் காற்றடித்து வரச் சொல்வார். ஏறி ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். டயர் வெடிப்பு விட்டு, தொட்டால் ரப்பர் கையோடு வரும். கடைக்காரர் காசு வாங்கமாட்டார். அதில் நான் கடலைமிட்டாய் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதிருந்த 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், 108-வது பிரிவு: ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால் ஆள் இறந்ததாகக் கொள்ளலாம். தெரிந்த வக்கீல் வந்து இதை விளக்கியபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்றைக்கு?" வக்கீலிடம் பதில் இல்லை. இறந்துவிட்டார் என்று அனுமானிக்கும் சட்டம் எந்த நாளில் என்று அனுமானிப்பதில்லை. நாள் தெரியாமல் திதி ஏது, திதி இல்லாமல் திவசம் ஏது? அதற்கும் வழி இருக்கிறது, திதி தெரியாதவர்களுக்கு மாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்றார் வீட்டு வாத்தியார்.

"ஊரோட சேர்த்து மொத்தமாவா?" என்று கேட்டுவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார். அடுத்த மாதமும் நாலணா வந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பூ வரும் இடம் ஆரம்பத்தில் சில பக்கங்கள்தான். இன்றைக்கே உட்கார்ந்து படித்துவிட்டு எழுதுங்கள். போலீஸைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.